விழுப்புரத்தில் வண்டி மாறிய கணித மேதை

1910-ம் ஆண்டின் பிற்பகுதி. கும்பகோணத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் ரயில் விழுப்புரம் ஜங்ஷனில் வந்து நின்றது. ஒரு இளைஞர் கீழே இறங்கினார்.

வயது 22. குட்டையான, பருத்த உருவம். முகத்தில் சில நாள் தாடி. அணிந்திருந்த வேட்டி சட்டையைப் பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால், கண்கள் மட்டும் பளபளவென்று மின்னின. கையில் பழைய நோட்டுப் புத்தகங்கள். அவற்றைத் தவிர அவரிடம் வேறு சொத்து எதுவும் இல்லை.

விழுப்புரத்தில் அவர் வண்டி மாறினார். மேற்கே சுமார் 20 மைல் தூரத்தில் இருக்கும் திருக்கோயிலூருக்குப் போனார்.

எதற்காக? வேலை கேட்பதற்காக. சர்க்கார் ஆபீசில் ஒரு சிறிய குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தால் போதும். அதுதான் அன்று அவருடைய ஆசை.

அந்த இளைஞர்தான், உலகமே போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜன்!

கணக்கில் உலகத்தை வென்றவர், சில ரூபாய் சம்பளத்துக்காக ஊர் ஊராய் அலைந்தது ஏன்? பரீட்சையில் தோற்றுப் போனவர் என்ற பெயர் அவர் மீது விழுந்திருந்தது. அதனால்தான் அலைந்தார். அந்தப் பெயரிலிருந்து அவர் மீண்ட கதை, பரீட்சை என்றாலே நடுங்கும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய கதை.

ஒரு மார்க்கு குறைந்தது

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய வீடு. தகப்பனார் சீனிவாச அய்யங்கார், ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். தாயார் கோமளத்தம்மாள், கெட்டிக்காரி. மகன் மீது உயிரையே வைத்திருந்தார். நாமக்கல் நாமகிரித் தாயார்தான் குடும்பத்துக்குக் குலதெய்வம்.

பையன் அதிகம் பேச மாட்டான். ஆனால், கேள்வி கேட்பான். ஒரு நாள் வகுப்பில் வாத்தியார் வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுத்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்றார். மூன்று பழங்களை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒன்று. ஆயிரம் பழங்களை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் ஆளுக்கு ஒன்று. உடனே ராமானுஜன் எழுந்தான். பழமே இல்லை, ஆளும் இல்லை என்றால், அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். விளையாட்டுப் பேச்சு போல இருக்கிறது. ஆனால், பெரிய கணித அறிஞர்களே யோசித்த கேள்வி அது.

1897-ம் ஆண்டில் ஆரம்பப் பள்ளி இறுதிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினான்.

இவ்வளவு கெட்டிக்காரப் பையனுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. மனம் மிகவும் மெல்லியது.

சிறு வயதில் ஒரு கணக்குப் பரீட்சை. மொத்தம் 45 மார்க்கு. ராமானுஜன் வாங்கியது 42. வகுப்புத் தோழன் ஒருவன் வாங்கியது 43. ஒரே ஒரு மார்க்கு வித்தியாசம்! ராமானுஜனால் அதைத் தாங்க முடியவில்லை. தோழனோடு பேச மறுத்தான். மற்றப் பாடங்களில் நீதானே முதல் என்று தோழன் சமாதானம் செய்து பார்த்தான். பயன் இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான்.

கூரையில் ஒளித்த காகிதங்கள்

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்த பிறகு ராமானுஜனின் புகழ் பரவியது. வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களிடம் சொல்லிக் கொடுக்க எதுவும் மிச்சம் இல்லை. லோனி என்பவர் எழுதிய திரிகோண கணிதப் புத்தகத்தை 13 வயதுக்குள் படித்து முடித்து விட்டார்.

அந்தக் காலத்தில் அவர் தாமாகவே ஒரு கணித உண்மையைக் கண்டு பிடித்தார். இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டு விட்டோம் என்று பூரித்துப் போனார். பிறகுதான் தெரிந்தது, ஐரோப்பாவில் ஆய்லர் என்ற மேதை சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கண்டு பிடித்திருந்தார் என்று.

ஆய்லருக்கு எட்டியது, உதவிக்கு ஆள் இல்லாத கும்பகோணத்துப் பையனுக்கும் எட்டியது என்றால், அது எவ்வளவு பெருமை! ஆனால், ராமானுஜனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கணக்கு எழுதிய காகிதங்களை எடுத்துப் போய் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்து விட்டார். இன்றும் எத்தனையோ பிள்ளைகள் மார்க்கு குறைந்த விடைத்தாளைப் பைக்குள் மறைத்து வைக்கிறார்கள் அல்லவா? அந்த மேதையும் அவர்களைப் போன்ற ஒரு பிள்ளைதான்.

பள்ளிப் படிப்பு 1904-ம் ஆண்டில் முடிந்தது. பரிசளிப்பு விழாவில் ராமானுஜனுக்குக் கணிதப் பரிசு கிடைத்தது. இந்த மாணவனுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் போதாது என்று தலைமை ஆசிரியர் கிருஷ்ணசுவாமி அய்யர் மேடையிலேயே பாராட்டினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது.

தோல்வி மேல் தோல்வி

கஷ்ட காலம் அங்கேதான் தொடங்கியது.

பள்ளி முடிவதற்கு முன்பே ராமானுஜனின் கைக்கு ஒரு புத்தகம் வந்திருந்தது. கார் என்ற ஆங்கிலேயர், பரீட்சைக்குப் போகும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. சுமார் 5,000 கணித விதிகள் அதில் இருந்தன. பெரும்பாலும் விதி மட்டும் இருக்கும், விளக்கம் இருக்காது. விளக்கத்தை ராமானுஜன் தாமே தேடினார். தேடத் தேடப் புதிய விதிகள் தோன்றின. இரவும் பகலும் அதே நினைவு. கல்லூரியில் ஆங்கிலம் நடந்தாலும், சரித்திரம் நடந்தாலும், அவர் நோட்டில் கணக்குத்தான் ஓடும்.

இதில் அவர் மீதும் குற்றம் உண்டு. மற்றப் பாடங்களை அவர் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று.

சம்பளம் கட்ட வீட்டில் பணம் இல்லை. ஊரார் முகத்தில் விழிக்கக் கூச்சம். 1905-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு ஓடிப் போனார். விசாகப்பட்டினம் வரை போய் விட்டார். பெற்றோர் தவித்தார்கள். பையனைக் காணோம் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. பிறகு எப்படியோ வீடு வந்து சேர்ந்தார்.

1906-ம் ஆண்டில் மறு முயற்சி. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர ரயில் ஏறினார். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் பாதை சிதம்பரம், கடலூர், விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று நீளும். எழும்பூரில் இறங்கியதும் எங்கே போவது என்று தெரியவில்லை. களைப்பில் ரயிலடியிலேயே தூங்கி விட்டார். முன்பின் தெரியாத ஒருவர் எழுப்பி, தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு, கல்லூரிக்கு வழி சொல்லி அனுப்பினார்.

பச்சையப்பனில் சிங்காரவேலு முதலியார் என்ற கணிதப் பேராசிரியர் ராமானுஜனின் திறமையைக் கண்டு கொண்டார். வெளிநாட்டுக் கணிதப் பத்திரிகைகளில் வரும் கடினமான கணக்குகளை இருவரும் சேர்ந்து போடுவார்கள். ஆனால், எஃப்.ஏ. பரீட்சைக்கு உடற்கூறு சாஸ்திரமும் உண்டு. பிராணிகளை அறுத்துப் படிக்கும் அந்தப் பாடம் ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. உடம்பும் சரியில்லாமல் போயிற்று. பரீட்சையில் தோற்றார். 1907-ம் ஆண்டில் தனியாகப் படித்து மறுபடியும் எழுதினார். கணக்கில் தேறினார். மற்றவற்றில் தோற்றார்.

அத்துடன் கல்லூரியின் கதவு மூடி விட்டது. எஃப்.ஏ. இல்லாவிட்டால் பி.ஏ. இல்லை. பி.ஏ. இல்லாவிட்டால் நல்ல உத்தியோகம் இல்லை. அதுதான் அந்தக் காலத்துச் சட்டம்.

நோட்டுப் புத்தகமே உயிர்

அடுத்த மூன்று ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. பாடத்தை விட்டு எங்கேயோ உயரத்துக்குப் போய் விடுவார்; பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளால் பின்தொடர முடியாது. காகிதம் வாங்கக் காசு இல்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து விட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக் கொள்வார். முழங்கை கறுத்துப் போயிற்று.

1909-ம் ஆண்டு ஜூலை மாதம் தாயார் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார். மணப்பெண் ஜானகி, சின்னஞ்சிறு பெண். இனிச் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற கவலை சேர்ந்தது.

அந்தக் கஷ்ட காலத்தில் ஒரு சமயம் சென்னையில் நோயாய் விழுந்தார். நண்பர் ஒருவர் அவரைக் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி விட வந்தார். வண்டி புறப்படும் நேரம். ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களை நண்பரின் கையில் கொடுத்தார். தாம் இறந்து விட்டால் அவற்றைச் சிங்காரவேலு முதலியாரிடமாவது, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் துரையிடமாவது சேர்த்து விட வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்.

இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஊர் அவரைத் தோற்றவன் என்கிறது. வேலை இல்லை. உடம்பில் தெம்பு இல்லை. திண்டிவனமும் விழுப்புரமும் கடந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பும் பயணம். இருந்தும் நோட்டில் உள்ளது வீணானதல்ல என்ற ஒரு நம்பிக்கை மட்டும் அவருக்குள் அணையாமல் இருந்தது. அதை ஊதி வளர்க்க ஒரு ஆள்தான் தேவைப்பட்டது.

திருக்கோயிலூர் டிப்டி கலெக்டர்

அந்த ஆளைத் தேடித்தான் ராமானுஜன் விழுப்புரத்தில் வண்டி மாறினார்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு இப்படிப்பட்ட பயணி புதிதல்ல. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு, 1896-ம் ஆண்டில், மதுரையிலிருந்து 16 வயதுப் பையன் ஒருவன் இதே ரயிலடியில் இறங்கினான். படிப்பில் மனம் இல்லையே என்று அண்ணன் கடிந்து கொண்டதும் வீட்டை விட்டுக் கிளம்பியவன் அவன். திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தான். விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று ரயிலில் ஒரு மௌல்வி சொல்ல, அங்கே இறங்கினான். கையில் இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் போய், அப்பால் நடந்தான். திருக்கோயிலூருக்கு எதிர்க்கரையில் உள்ள அரகண்டநல்லூர்க் கோயிலை அடைந்து, பிறகு திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அவர்தான் ரமண மகரிஷி. படிப்பில் தேறாத பிள்ளை என்று வீட்டார் கவலைப்பட்ட இருவர் கால் வைத்த ஊர் விழுப்புரம்.

அப்போது விழுப்புரம், திண்டிவனம், திருக்கோயிலூர் எல்லாம் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி அய்யர். உத்தியோகம் ரெவினியூ இலாகாவில், உள்ளம் கணக்கில். 1907-ம் ஆண்டில் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவரே. மாணவராக இருந்த போதே சீமைப் பத்திரிகைக்குக் கணிதக் கட்டுரை எழுதியவர். அதைப் படித்தவர்கள் அவர் ஒரு பேராசிரியர் என்றே எண்ணிக் கொண்டார்கள். அதனால் நண்பர்கள் அவரைப் புரொபசர் என்று கூப்பிடுவது வழக்கம்.

ராமானுஜன் அவர் முன் போய் நின்றார். வேலை கேட்டார். சிபாரிசுக் கடிதம் கொண்டு போனவர் போல நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

டிப்டி கலெக்டர் நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகக் கணித விதிகள். இதுவரை எந்தப் புத்தகத்திலும் காணாதவை. அவர் அசந்து போனார்.

வேலை கொடுத்தாரா? கொடுக்கவில்லை!

இப்படிப்பட்ட அறிவை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து நசுக்கி விடக் கூடாது என்று அவர் நினைத்தார். சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அதுவரை ராமானுஜனுக்கு எத்தனையோ பேர் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். திறமை போதாது, பட்டம் போதாது என்று சொன்ன இல்லைகள் அவை. திருக்கோயிலூரில் கேட்ட இல்லைக்கு வேறு பொருள். இந்த வேலை உனக்குப் போதாது என்பதே அதன் பொருள். பட்டம் பெறாத இளைஞருக்கு அதை விடப் பெரிய பட்டம் வேறு என்ன?

கதவுகள் திறந்தன

கடிதத்துடன் ராமானுஜன் சென்னை சென்று, பேராசிரியர் சேஷு அய்யரைச் சந்தித்தார். அவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார்.

ராமச்சந்திர ராவுக்கு முதலில் சந்தேகம். மேதையா, ஏமாற்றுக்காரரா என்று புரியவில்லை. ராமானுஜன் மறுபடி போனார். முதலில் எளிய கணக்குகள், பிறகு சற்றுக் கடினமானவை, கடைசியில் யாரும் காணாதவை என்று படிப்படியாகக் காட்டினார். சந்தேகம் தீர்ந்தது. என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். பட்டினி இல்லாமல் கணக்குப் போட ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்பதே ராமானுஜனின் வேண்டுகோள். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து உதவினார் ராவ்.

1911-ம் ஆண்டில், ராமஸ்வாமி அய்யரின் கணிதச் சங்கம் நடத்திய பத்திரிகையில் ராமானுஜன் ஒரு கேள்வி வெளியிட்டார். ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, முடிவே இல்லாமல் போய்க் கொண்டிருக்கும். அதன் மதிப்பு என்ன? பல மாதங்கள் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் மூன்று!

1912-ம் ஆண்டு மார்ச்சு 1-ந் தேதி சென்னைத் துறைமுக ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். மேலதிகாரி நாராயண அய்யரும் கணிதம் படித்தவர். இரவில் இருவரும் எதிரெதிரே பலகை வைத்துக் கணக்குப் போடுவார்கள். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் ஆதரவு காட்டினார்.

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் கிடைக்கவில்லை. இந்த முறை பதில் வந்தது. கடிதத்தில் இருந்த விதிகளைப் பார்த்து ஹார்டி திகைத்துப் போனார். முதல்தர மேதையால்தான் இவற்றை எழுத முடியும் என்று முடிவு கட்டினார்.

அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. எந்தப் பல்கலைக் கழகத்தின் எஃப்.ஏ. பரீட்சையில் அவர் தோற்றாரோ, அதே பல்கலைக் கழகம்! 1914-ம் ஆண்டு மார்ச்சு 17-ந் தேதி அவர் சீமைக்குக் கப்பல் ஏறினார்.

ஹார்டி காட்டிய ஜாக்கிரதை

கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். ராமானுஜனின் விதிகளில் பெரும்பாலானவை அற்புதமானவை. ஆனால், சில தவறானவை. முக்கியமாக, பகா எண்களைப் பற்றி அவர் எழுதியிருந்த சில முடிவுகள் சரியல்ல. ஒரு விதி உண்மை என்று மனதில் பட்டால் போதாது, அதை நிரூபிக்க வேண்டும் என்ற பழக்கமும் அவருக்குக் குறைவு.

தவறைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது? பள்ளிப் பிள்ளையைப் போல உட்கார வைத்து எல்லாவற்றையும் அடியிலிருந்து படி என்று கட்டாயப்படுத்தினால், அவருடைய தன்னம்பிக்கை உடைந்து விடலாம். ஊற்றுப் போல வரும் கற்பனையும் வற்றி விடலாம். ஹார்டி இதை எண்ணி அஞ்சினார். ஆகவே, தெரிய வேண்டியதை மட்டும் மெல்ல மெல்லச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குக் கற்றுக் கொடுத்ததை விட, அவரிடமிருந்து தாம் கற்றதே அதிகம் என்று பின்னாளில் ஒப்புக் கொண்டார்.

பலன் கிடைத்தது. இருவரும் சேர்ந்து பெரிய கணக்குகளைத் தீர்த்தார்கள். ஒன்றைப் பாருங்கள். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4 என்று அப்படியே வைக்கலாம். 3-ம் 1-ம். 2-ம் 2-ம். 2-ம் இரண்டு ஒன்றும். நான்கு ஒன்று. ஆக, 5 விதம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 39,72,99,90,29,388 விதம்! உட்கார்ந்து எண்ண முடியுமா? எண்ணாமலே கண்டு பிடிக்கும் வழியை ராமானுஜனும் ஹார்டியும் உலகத்துக்குத் தந்தார்கள்.

1916-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவர் ஆராய்ச்சியினாலேயே பி.ஏ. ஆனார்.

ஆறாத மனம்

புகழ் வந்தும், அந்த மெல்லிய மனம் மாறவில்லை. ஒரு நாள் நண்பரையும், அவர் மணக்க இருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை ரசம் வாங்கிக் கொண்டவர்கள், மூன்றாம் முறை போதும் என்றார்கள். சமையல் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி ராமானுஜன் மனம் நொந்து போனார். சொல்லாமல் வெளியே போனவர் ஆக்ஸ்போர்டில் இருப்பது சில நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. 42 மார்க்குக்கு அழுத பையன் அவருக்குள் அப்படியே இருந்தான்.

குளிர், யுத்த காலம், மரக்கறி உணவுக்குப் பஞ்சம், தனிமை. 1917-ல் நோய் பிடித்தது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். மனச் சோர்வு எல்லை மீறி, 1918-ன் தொடக்கத்தில் வாழ்வையே முடித்துக் கொள்ளத் துணிந்தார். தெய்வாதீனமாகக் காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிடி கல்லூரியும் கௌரவித்தது. அக்கல்லூரியின் பெல்லோ பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அந்தச் செய்திகள் மருந்து போல வேலை செய்தன. மறுபடி எழுந்து உட்கார்ந்து புதிய விதிகளை எழுதினார். அவருடைய துயரம் அந்தக் கட்டத்தோடு முடிந்திருந்தால், அதன் பிறகு வந்த எதுவும் உலகத்துக்குக் கிடைத்திராது.

1919-ம் ஆண்டு மார்ச்சு மாதம் தாயகம் திரும்பினார். உடல் தேறவில்லை. படுக்கையிலும் கணக்குப் போட்டார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது 32. கடைசிக் காலத்தில் எழுதிய காகிதங்கள், 1976-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நூல் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைப் பற்றி உலக அறிஞர்கள் இன்னும் ஆராய்கிறார்கள். அவர் பிறந்த டிசம்பர் 22-ந் தேதி இன்று இந்தியாவில் தேசியக் கணித தினம்.

கையில் நிற்கும் ஒன்று

ராமானுஜனைப் போல எல்லாரும் ஆக முடியாது. மற்றப் பாடங்களை அவர் விட்டது போல விடவும் கூடாது. ஆனால், அவர் மனம் பட்ட பாடு எல்லா வீட்டிலும் உண்டு.

பயம் என்ன செய்கிறது? 47-ஐயும் 38-ஐயும் கூட்ட வேண்டும். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தை எழுதி, ஒன்றை மனதில் வைத்துக் கொள்கிறோம். அந்த ஒன்று நிற்பதற்கு மனதில் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த நேரத்தில், தப்பாகி விடுமோ, அப்பா அடிப்பாரோ, தோழர்கள் சிரிப்பார்களோ என்ற கவலை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து கொள்கிறது. ஒன்று நழுவுகிறது. 85 வர வேண்டிய இடத்தில் 75 வருகிறது. பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பயம் அதை மறைத்து விட்டது. மனநூல் அறிஞர்கள் ஆராய்ந்து கண்ட உண்மை இது. ஒரு முறை தப்பினால் நம்பிக்கை குறைகிறது. நம்பிக்கை குறைந்தால் மறு முறையும் தப்புகிறது. செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வரும்.

வீட்டில் பெரியவர்கள், எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது என்று சொல்வதும் அந்தச் செக்கைச் சுற்றி விடுவதுதான். மார்க்கு குறைந்த விடைத்தாளைப் பிள்ளை கொண்டு வந்தால், எத்தனை மார்க்கு என்று மட்டும் பார்த்து விட்டு நிறுத்தக் கூடாது. எந்த வரி வரை சரியாகப் போட்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். தப்பான வரியைச் சொல்லியும் ஆக வேண்டும். தப்பை மறைப்பது நம்பிக்கை ஆகாது. ஹார்டி போல, மனம் உடையாமல் சொன்னால் போதும்.

விழுப்புரம் ரயிலடி இப்போதும் அங்கே இருக்கிறது. திருக்கோயிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பாதை அங்கேதான் பிரிகிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இன்று அரசாங்கக் கலைக் கல்லூரிகள் உள்ளன. காலை வேளையில் புத்தகப் பையோடு வந்து நிற்கும் பிள்ளைகளில், கணக்குப் பரீட்சையை நினைத்து வயிற்றைக் கலக்குகிறவர்கள் எத்தனை பேரோ!

அவர்களுக்குத் தேவை, நோட்டைத் திறந்து பொறுமையாகப் படித்துப் பார்க்கும் ஒருவர். திருக்கோயிலூரில் ஒரு டிப்டி கலெக்டர் 1910-ம் ஆண்டில் அதைத்தான் செய்தார். ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் செய்ய ஒருவர் இருந்தால், கூரையில் ஒளித்து வைத்த காகிதங்கள் எல்லாம் கீழே இறங்கி வரும்.